ரெண்டு மணி சீரியலும் காலை ஷிப்டும்

என் மருமகள் ஒரு சீரியலுக்கான வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள். மத்தியானம் இரண்டு மணிக்கு வரும் தமிழ் சீரியல், எட்டு வருடத்துக்கும் மேலாக ஓடுகிறது. போன வாரம் சாப்பிடும்போது அந்தக் குழுவின் செய்திகளை அவள் உரக்க வாசித்தாள். கதை முன்னைப்போல் இல்லை என்று ஒரு கட்சி. இப்போதும் அதற்கு நிகர் இல்லை என்று இன்னொரு கட்சி. என் வழக்கப்படி எண்ணிக்கொண்டே வந்தேன், நாற்பத்தொரு செய்திகள். இவர்கள் யாரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லையாம். 

இதே சீரியலுக்காக இதே வாதத்தை நான் ஒன்றரை வருடம், வாரம் மூன்று நாள் கேட்டிருக்கிறேன். கேட்ட இடம் டயாலிசிஸ் அறை. நான் அங்கே டெக்னீஷியன். கொச்சியில், மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஆறு மெஷின், ஆறு கட்டில், எல்லோருக்கும் பொதுவாகச் சுவரில் ஒரு டிவி. இப்போது அந்த டிவியைக் கழற்றிவிட்டார்களாம். எனக்குப் பிறகு சேர்ந்த ஷமீர் வீட்டுக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னான்: "எல்லார் காதிலயும் ஹெட்செட் சார். அவங்கவங்க போன். இப்ப சண்டையே இல்லை." நான் தலையை ஆட்டினேன். அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்த படிப்பு பி.எஸ்ஸி. வேதியியல். கோயம்புத்தூரில் ஒரு வருடம் பயிற்சி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இங்கேயே ஓய்வும் பெற்றேன். என் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான். வேலையைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

சிறுநீரகம் நின்றுபோனவர்களின் இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, திரும்ப உள்ளே விட வேண்டும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். ஆள் வந்ததும் எடை பார்ப்போம். போன தடவைக்குப் பிறகு உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று எடைதான் சொல்லும். பிறகு கையில் இரண்டு ஊசி. ஒன்று இரத்தம் வெளியே வர, மற்றது உள்ளே போக. அரை மணிக்கு ஒரு முறை இரத்த அழுத்தம். ஒரு நாள் தவறினாலே மூச்சு முட்டும். திங்கள், புதன், வெள்ளி வருகிறவர்களுக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு முழு நாள் இடைவெளி. அந்தத் திங்களைத் தவறவிட்டால் உடம்பில் சேரும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். நான் எதையும் எண்ணுகிறவன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். எண்ணாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அறைக்குப் பொறுப்பு ரோசம்மா சிஸ்டர். வைப்பின் தீவிலிருந்து படகில் கடந்து வருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நான் ஊசி குத்தி பிளாஸ்டர் ஒட்டிய பிறகு, ஒவ்வொரு கட்டிலாக வந்து அந்தப் பிளாஸ்டரை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று முதல் வருடம் எனக்குக் கோபம் வந்தது. "நம்பிக்கை உண்டு சந்திரா. ஆனா பிளாஸ்டரை நம்பணுமே" என்று மலையாளமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஷிப்டு முடியும்வரை உட்கார மாட்டார். ஸ்டூலை நோயாளிகளின் உறவினர்களுக்குத் தள்ளிவிடுவார்.

சிஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார். நோயாளிகளில் யாராவது இறந்துபோனால் மற்றவர்களிடம் அதைச் சொல்லக்கூடாது. காலை ஷிப்டுக்கு மாறிவிட்டார் என்று சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. ஆரம்ப வருடங்களில் ஒருமுறை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவருடைய சாவைத் துப்புரவுக்கு வந்த பெண் சொல்லிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு அழுத்தம் சட்டென்று இறங்கி, அவரை மீட்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து இந்த விதி. காலை ஷிப்டு என்று ஒன்று உண்மையாகவே இருந்ததால் பொய் எளிதாக நின்றது. உண்மையாகவே மாறிப் போனவர்களும் உண்டு. ஆகவே சொன்னால் நம்பவும் முடியும், நம்பாமல் இருக்கவும் முடியும். அவரவர் மனத்துக்கு எது தாங்குமோ அது.

மத்தியான ஷிப்டில் மூன்றாவது கட்டில் கமலம் மாமி. மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்ப் பிராமணக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். மகன் எர்ணாகுளத்தில் வங்கி வேலை, காரில் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவான். நான்காவது கட்டில் ஜைத்தூன் அக்கா. சுள்ளிக்கல்லில் வீடு, ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ்தான் பேச்சு. மகள் சபீனா கையைப் பிடித்துக் கூட்டி வந்து கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் தையல் கடைக்கு ஓடுவாள். எங்கள் அறைக்கு வருகிற எல்லோரையும் யாராவது கையைப் பிடித்துத்தான் கூட்டி வருவார்கள். ஐந்தாவது கட்டிலில் வர்கீஸ் சேட்டன், ஏலூர் உரக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் அரைகுறைதான், ஆனால் சீரியலை விடமாட்டார்.

அந்த சீரியலுக்கு அறையில் பெயரே கிடையாது. 'ரெண்டு மணி' என்றுதான் சொல்வோம். அதில் மூத்த மருமகளாக நடித்த பெண் நடுவில் விலகிவிட்டாள். ஒரு நாள் திரையின் கீழே, இனி இவருக்குப் பதில் இவர் என்று எழுத்து ஓடியது. வேறொரு பெண் அதே வீட்டுக்குள் அதே தாலியோடு நடந்து வந்தாள். அன்று தொடங்கியது சண்டை.

"கதை செத்துப்போயாச்சு," என்றார் மாமி. "பழையவ கண்ணாலேயே பேசுவா. இவளைப் பாரு, மாமியார் கீழே விழுந்து கிடக்கறா, இவ புருவம்கூட அசையலை."

"மாமி, ஒங்களுக்கு மூஞ்சிதான் கதையா?" என்றார் ஜைத்தூன் அக்கா. "அதே பொண்ணுதான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை."

"ஒரு வித்தியாசமும் தெரியலையாம். ஏண்டி, அவ மாநிறம், இவ வெளுப்பு. அவளுக்கு நீட்டு மூக்கு, இவளுக்கு மூக்கே இல்லை. துக்க வீட்டுக்கு ஜரிகைப் புடவை உடுத்திண்டு வந்திருக்கா, பச்சையும் மஞ்சளுமா."

"பச்சைக்கு என்ன கொறச்சல்?"

"பச்சைக்குக் கொறச்சல் இல்லை. ஒனக்குத்தான் ரசனைக்குக் கொறச்சல்."

வர்கீஸ் சேட்டன் இரண்டு பேருக்கும் நடுவில் எண்ணெய் ஊற்றுவார். "மாமி, ஆ தாலி ஒரிஜினலோ டூப்ளிகேட்டோ?" என்பார். மாமி அதற்கும் பதில் சொல்வார். எந்த நகை எந்தக் கழுத்தில் எத்தனையாவது நாள் வருகிறது என்பதெல்லாம் மாமிக்குத் தெரியும். சொல்லிக்கொண்டே இருப்பார். ஜைத்தூன் அக்கா ஒவ்வொன்றுக்கும் மறுப்பு வைப்பார். வில்லி கதவைத் திறந்து வந்தால் மாமி, "வந்தாளே சண்டாளி, கையிலே ஒரு கவர் வேற" என்பார். அக்கா, "கவர்னா கெட்டதா இருக்கணுமா? கல்யாணப் பத்திரிகையா இருக்கும்" என்பார். மாமிக்கு அழுத்தம் ஏறும். அதைப் பார்த்து நானும் எரிந்து விழுந்திருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டயாலிசிஸின் மூன்றாவது மணி நேரம் மிக மோசமானது. கால் இழுக்கும், குமட்டும், இனிப் போதும், கழற்று என்று கெஞ்சுவார்கள். ரெண்டு மணி ஓடும்போது மூன்றாவது, நான்காவது கட்டில்களிலிருந்து யாரும் என்னைக் கழற்றச் சொன்னதில்லை. இனி வரமாட்டேன், வீட்டிலேயே செத்துப்போகிறேன் என்று மாமி மகனிடம் சொல்லாத வாரம் இல்லை. வந்துகொண்டுதான் இருந்தார்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை சண்டை வழக்கத்தைவிடத் தடித்துவிட்டது. மாமிக்கு அன்று உடம்பு சரியில்லை, எடை மூன்று கிலோ கூடுதலாக இருந்தது. "ஒன்னோட பேசறது சுவத்தோட பேசற மாதிரி. இனிமே நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். சீரியல் ஓடியது. அன்று முக்கியமான நாள், வீட்டை விட்டுப் போன மாமனார் திரும்பி வருகிறார். வசனம் குறைவு, இசைதான் அதிகம். கொஞ்ச நேரம் பொறுத்து அக்கா கேட்டார்: "மாமி, யாரு வந்தது இப்ப?"

பதில் இல்லை.

"சொல்லுங்களேன் மாமி. ஏன் எல்லாரும் அழறாங்க?"

"கண்ணு இருக்கோன்னோ, பாரு," என்றார் மாமி.

அக்கா அதற்குப் பிறகு கேட்கவில்லை. மாலையில் சபீனா வந்து கூட்டிப்போனாள். மறுநாள் விடியும்முன் அக்காவுக்கு வீட்டிலேயே இதயம் நின்றுவிட்டது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். சபீனா எங்களுக்குப் போன் செய்தாள். சிஸ்டர் மட்டும் போய் வந்தார்.

திங்களன்று நான்காவது கட்டிலில் ஒரு புது ஆள், இளைஞர், போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. மாமி வந்ததும் பார்த்தார். "ஜைத்தூன் எங்கே?"

"காலை ஷிப்டுக்கு மாறிட்டாங்க மாமி," என்றார் சிஸ்டர்.

வர்கீஸ் சேட்டனுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அவர் பழைய நோயாளி. ஏதாவது பேசியாக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, புது ஆளைக் காட்டி, "மாமி, இவருக்குப் பதில் இவர்" என்றார். சொன்ன பிறகு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமி, "கோவிச்சுண்டு போயிட்டா" என்றார். அவ்வளவுதான். அன்று ரெண்டு மணி ஓடியபோது அவர் திரையையே பார்க்கவில்லை. புதன்கிழமையும் அப்படித்தான். மூன்றாவது மணி நேரத்தில் கழற்றச் சொன்னார். வெள்ளிக்கிழமை மறுபடியும் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு நாள் முழு நேரம் ஓடாமலே கழற்ற வேண்டியதாயிற்று. நான் எழுதி வைக்கும் எண்களெல்லாம் தப்பான பக்கம் போயின. சிஸ்டரிடம் சொன்னேன். "கொஞ்சம் நாள் கழியட்டும்" என்றார். அக்காவின் போன் நம்பர் மாமியிடம் கிடையாது. சண்டைக்காரியின் நம்பரை யார் வாங்கி வைப்பார்கள்?

அடுத்து நடந்தது எங்கள் அறையில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. மாமி மகனை ஆபீஸில் பேசவைத்து, தன்னையும் காலை ஷிப்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். ரெண்டு மணியை விட்டுவிட்டு, விடிகாலையில் எழுந்து வருவதற்கு. ஆபீஸில் இருந்தவருக்கு எங்கள் விதி தெரியாது. காலையில் ஒரு கட்டில் காலி, மாற்றிக் கொடுத்துவிட்டார்.

அந்த மாதம் எனக்குக் காலை ஷிப்டும் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை ஆறு மணிக்கு மெஷின்களை ஓடவிட்டுத் திரும்பினால் வாசலில் மாமி. தலை வாரி, பூ வைத்து, புதுசாகத் துவைத்த புடவை. கையில் பிளாஸ்க். மகன் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

"எந்தக் கட்டில்?" என்றார்.

"ரெண்டாவது கட்டில் காலி மாமி."

"எனக்கில்லை. அவளுக்கு."

நான் தராசைக் காட்டினேன். எடை பார்த்தேன். எழுதினேன். மாமி ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஐந்து பேர் படுத்திருந்தார்கள், ஐந்து பேரும் வேறு ஆட்கள். "பாத்ரூம் போயிருக்காளா?" என்று கேட்டார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சிஸ்டர் எட்டு மணிக்குத்தான் வருவார். ஊசி குத்திய பிறகு சொல்ல முடியாது, அழுத்தம் இறங்கும். குத்துவதற்கு முன்னால் சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வந்திருக்கிறார், அதுவும் இரண்டு வாரம் அரைகுறையாக ஓடிய உடம்பு. போனால் புதன்கிழமை வருவாரா என்பது சந்தேகம். ஒன்றும் சொல்லாமல் நான்கு மணி நேரம் அவரை வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க விடுவதா? நான் வராந்தாவுக்குப் போய் சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

அவர் மாமியின் எடையைக் கேட்டார். பிறகு, "நீ ஊசி குத்தாதே. நான் வரேன்" என்றார்.

வைப்பினிலிருந்து படகு பிடித்து வர வேண்டும். அதுவரை நான் தண்ணீர் சோதனை என்றேன், குழாய் மாற்ற வேண்டும் என்றேன், இன்னொரு முறை எடை பார்த்தேன். மாமி கணக்கு டீச்சர். "சந்திரா, மூணு தடவை எடை பாத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரே எடைதான்" என்றார். அப்புறம் அவரே பிளாஸ்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சிஸ்டர் வந்தபோது யூனிபார்ம் இல்லை, வீட்டில் கட்டும் சேலை, தலை ஈரம். கையைக் கழுவினார். ஸ்டூலை இழுத்து மாமிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"மாமி, ஜைத்தூன் காலை ஷிப்டில் இல்லை. அன்று நான் பொய் சொன்னேன்," என்றார்.

"எப்போ?" என்று மட்டும் கேட்டார் மாமி.

"அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை விடியும்முன்னே."

மாமி கையை நீட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. ஊசிக்கு நீட்டிய கை அது. "குத்து சந்திரா. முடிச்சுட்டு என்னை அவ ஆத்துக்குக் கூட்டிண்டு போகணும். நடுவிலே கழட்டச் சொன்னா கழட்டாதே."

நான்கு மணி நேரமும் ஓடியது. சிஸ்டர் அரை மணிக்கு ஒரு முறை தானே அழுத்தம் பார்த்தார். மாமி அழவில்லை, கழற்றவும் சொல்லவில்லை. அன்று மாலையே எங்கள் விதி போய்விட்டது. இனி யார் போனாலும் அடுத்த முறை வரும்போது, ஊசிக்கு முன்னால், உட்கார வைத்துச் சொல்வது என்று சிஸ்டர் முடிவு செய்தார். நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது.

மெஷினிலிருந்து கழற்றியதும் ஆட்டோவில் சுள்ளிக்கல்லுக்கு மூன்று பேரும் போனோம். ஊசி குத்திய கையை நான் பிடித்துக்கொண்டேன். சபீனா வீட்டில்தான் இருந்தாள். மாமியைப் பார்த்ததும் அறிமுகம் கேட்கவில்லை.

"நீங்க மாமிதானே. வாங்க."

உள்ளே ஒரு கட்டில், சுவரோரம் டிவி, அதற்கு மேல் துணி போட்டு மூடியிருந்தது. மாமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.  பிறகு மாமி, அந்த வெள்ளிக்கிழமை தான் சரியாகப் பேசவில்லை என்று சொன்னார். கண்ணு இருக்கோன்னோ என்று சொன்னதையும் சொன்னார்.

சபீனா தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாவுக்குக் கண்ணு தெரியாது மாமி. சர்க்கரையிலே போயிருச்சு, ரெண்டு வருசமாச்சு. வெளிச்சம் மட்டும் தெரியும். ஆஸ்பத்திரியிலே தெரிஞ்சா கூடவே ஆளு வேணும்பாங்க, நான் கடைக்குப் போக முடியாதுன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

எங்கள் தாளில் 'பார்வைக் குறைவு' என்று இருந்தது. எங்கள் நோயாளிகளில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

"அப்போ அந்தப் பொண்ணு மாறினது?" என்றார் மாமி.

"அம்மாவுக்கு மாறலையே. பழைய பொண்ணுக்கும் புதுப் பொண்ணுக்கும் குரல் குடுக்கறது ஒரே ஆளு. அம்மா கேட்டது அந்தக் குரலைத்தானே." சபீனா மூடியிருந்த டிவியைக் காட்டினாள். "வீட்டுல இருந்து சொல்ல எனக்கு எங்க நேரம்? மாமிதான் எல்லாம் சொல்லும்பாங்க. புடவை, நகை, யாரு வந்தா, யாரு போனா. நாம சும்மா இருந்தா மாமி நிறுத்திரும், எதுத்துப் பேசினா இன்னும் நாலு சொல்லும்னு சொல்லிச் சிரிப்பாங்க."

 சிஸ்டர் மாமியின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தார், அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வெகு நேரம் கழித்து, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே மடித்து வைத்த ஒரு போர்வை மட்டும் இருந்தது.

"மாமனார் திரும்பி வந்துட்டார்," என்று ஆரம்பித்தார். "தாடி வளத்திருக்கார், வெள்ளை வேஷ்டி அழுக்கா இருக்கு. வாசல்லேயே நிக்கறார், உள்ளே வரலை. முதல்லே பாத்தது சின்னவ. கையிலே இருந்த தட்டை அப்படியே கீழே விட்டுட்டா, குங்குமம் எல்லாம் தரையிலே. அதுக்குத்தான் எல்லாரும் அழுதா. மாமியார் ஊஞ்சல்லேந்து எழுந்திருக்கவே இல்லை, ஜன்னல் பக்கம் பாத்துண்டிருக்கா, காப்பிப்பொடி நிறத்திலே புடவை. மூத்த மருமக மாடியிலேந்து இறங்கி வரா. நீலப் புடவை. கழுத்திலே ஒண்ணும் இல்லை, தாலி மட்டும்."

சபீனா தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படியிலேயே உக்காந்துட்டா," என்றார் மாமி. "வாயைப் பொத்திண்டு அழறா, சத்தமே வரலை. நான் அப்போ சொல்லலை. நன்னாத்தான் பண்ணினா அன்னிக்கு."